அறிவிப்பு எல்லாரையும் சென்றடைய: பொது நூலக இணையதளத்தைப் பராமரிப்போருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நெல்லைச் சீமையில் ஒரு நூலகத்தின் இணையதளத்தைச் சில காலம் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு என்னிடம் இருந்தது. மறுநாள் நூலகம் இயங்காது என்ற அறிவிப்பைத் தாளில் அச்சிட்டு, கையொப்பமும் முத்திரையும் பெற்று, கைப்பேசியில் படமெடுத்து, அந்தப் படத்தை அப்படியே தளத்தில் ஏற்றினேன். போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த பார்வையற்ற இளைஞர் ஒருவர் மறுநாள் காலை இரண்டு பேருந்து மாறி வந்து பூட்டிய கதவின் முன் நின்றார். முந்தைய இரவே தளத்தைத் திறந்து கேட்டுப் பார்த்ததாகவும், திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் அவருடைய கைப்பேசி ‘படம்’ என்ற ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டதாகவும் அவர் பின்னர் தொலைபேசியில் சொன்னார். அவர் குரலில் கோபம் இல்லை. இப்படி நடப்பது அவருக்குப் பழகிப்போயிருந்தது என்பதே என்னை அதிகம் வருத்தியது.

அந்தத் தளத்தை வடிவமைத்தவர்கள் தங்கள் வேலையைச் சரியாகவே செய்திருந்தார்கள். குறை, நான் அன்று ஏற்றிய அந்த ஒரு பதிவில் இருந்தது. நூலகத் தளம் தொடங்கப்பட்ட நாளில் எவ்வளவு நன்றாக அமைந்திருந்தாலும், அதன்பின் வாரந்தோறும் சேரும் அறிவிப்புகள், புதிய நூல்களின் பட்டியல்கள், வாசகர் வட்டக் கூட்டச் செய்திகள், விழாப் படங்கள் ஆகியவற்றின் வழியாகவே அணுக முடியாத நிலை சிறிது சிறிதாக உள்ளே வருகிறது. ஆகையால் இந்த வழிகாட்டி தளத்தைக் கட்டுபவர்களைவிட, அதில் நாள்தோறும் எழுதுபவர்களுக்காகவே எழுதப்படுகிறது.

யாருக்காக, எந்த அளவுகோலில்

பாளையங்கோட்டையில் 19ஆம் நூற்றாண்டின் இறுதி ஆண்டுகளிலேயே பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் தனித்தனிப் பள்ளிகள் தொடங்கப்பட்டன. அங்கே படித்துச் சென்றவர்களும் இப்போது படிப்பவர்களும் இம்மாவட்ட நூலகங்களின் வாசகர்களே. அவர்களோடு, கண்புரை வந்த ஓய்வூதியர், கை நடுக்கத்தால் சிறிய பொத்தானைத் தொட இயலாதவர், அம்பாசமுத்திரத்துக்கு மேலே மலைப்பகுதியில் விட்டுவிட்டு வரும் இணைப்பில் பக்கம் திறக்கக் காத்திருப்பவர், எழுத்துக் கூட்டிப் படிப்பவர் என்று பலரும் இதில் அடங்குவர். தமிழ்நாடு பொது நூலகச் சட்டம் 1948இல் இயற்றப்பட்டது. அதன்படி சொத்துவரியோடு சேர்த்து நூலக வரியும் வசூலிக்கப்படுகிறது. வரி கொடுப்பவர் வீட்டில் யார் எந்தப் புலனால் படிக்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. அந்தப் பணத்தில் நடக்கும் தளமும் அதைக் கேட்கும் நிலையில் இருக்கக் கூடாது.

சட்டமும் இதையே சொல்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இன் 42ஆம் பிரிவு, மின்னணு ஊடகத்தில் வரும் உள்ளடக்கம் அணுகத்தக்கதாக இருப்பதை உறுதிசெய்யும் கடமையை அரசுக்கு விதிக்கிறது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், அணுகல்தன்மைத் தரநிலைகள் வெறும் பரிந்துரையாக நின்றுவிடாமல் கட்டாய விதிகளாக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இந்திய அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டு நெறிகளின் 3.0 பதிப்பு 2023இல் வெளிவந்தது. அணுகல்தன்மையில் அது உலகெங்கும் பின்பற்றப்படும் இணைய உள்ளடக்க நெறிகளின் 2.1 பதிப்பை, அதன் மூன்று நிலைகளில் நடுவிலுள்ள ‘ஏஏ’ நிலையை, அடிப்படையாகக் கொள்கிறது. கீழே வரும் அளவுகள் பெரும்பாலும் அந்த நிலைக்கு உரியவை.

முதல் படி: உங்கள் தளத்தை ஒருமுறை காதால் கேளுங்கள்

எதையும் மாற்றுவதற்கு முன்னால், இருப்பது எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஆண்ட்ராய்டு கைப்பேசியின் அமைப்புகளில் அணுகல்தன்மைப் பகுதிக்குச் சென்று ‘டாக்பேக்’ வசதியை இயக்குங்கள். இதுதான் ‘ஸ்கிரீன் ரீடர்’ எனப்படும் திரைவாசிப்பான். விரலை வலப்பக்கம் தள்ளினால் அடுத்த உருப்படியை வாசிக்கும். இருமுறை தட்டினால் அதைத் திறக்கும். இப்போது கண்ணை மூடிக்கொண்டு, நூலகம் நாளை எத்தனை மணிக்குத் திறக்கும் என்பதை உங்கள் தளத்திலிருந்து கண்டுபிடிக்க முயலுங்கள். கணினியில் செய்வதானால் ‘என்விடிஏ’ என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. அதனுடன் வரும் ‘ஈஸ்பீக்’ குரல் தமிழையும் வாசிக்கும். குரல் இயந்திரத்தனமாக ஒலிப்பதால் முதலில் சலிப்பு வரலாம். ஆனாலும் அரை மணி நேரம் விடாமல் கேளுங்கள், இந்த வழிகாட்டி முழுவதும் சொல்லக்கூடியதைவிட அதிகமாக அந்த அரை மணி நேரம் உங்களுக்குக் காட்டும்.

அடுத்து, கணினியின் சுட்டியை ஓரமாக வைத்துவிட்டு ‘டேப்’ விசையால் மட்டும் தளம் முழுவதும் நகர்ந்து பாருங்கள். எந்த இணைப்பில் நிற்கிறீர்கள் என்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். எந்த இடத்திலும் மாட்டிக்கொண்டு வெளியே வர முடியாமல் போகக் கூடாது. பிறகு உலாவியில் எழுத்தை 200 சதவீதமும், 400 சதவீதமும் பெரிதாக்கிப் பாருங்கள். 1280 புள்ளி (பிக்சல்) அகலமுள்ள திரையில் 400 சதவீதம் என்பது 320 புள்ளி அகலமுள்ள சிறு கைப்பேசிக்குச் சமம். அப்போதும் ஒவ்வொரு வரியையும் படிக்கப் பக்கத்தை இடமும் வலமும் இழுக்க வேண்டியிருந்தால் அது குறைதான். கண்ட குறைகளை எல்லாம் ஒரு நோட்டில் தேதியிட்டு எழுதுங்கள்.

இரண்டாம் படி: எழுத்து எழுத்தாகவே இருக்கட்டும்

தமிழ்த் தளங்களில் நான் கண்ட குறைகளில் பாதிக்கு மேல் இந்த ஒன்றில் அடங்கிவிடும் என்பதால் இங்கே சற்று விரிவாகவே சொல்கிறேன். எழுத்து திரையில் தெரிவது வேறு, அது எழுத்தாக இருப்பது வேறு. தெரிவது போலிருந்தும் எழுத்தாக இல்லாதவை மூன்று வகையில் நம் தளங்களுக்குள் வருகின்றன.

முதல் வகை, படமாக ஏற்றப்படும் அறிவிப்பு. திரைவாசிப்பானால் அதைப் படிக்க முடியாது, பெரிதாக்கினால் எழுத்து மங்கும், தேடினால் கிடைக்காது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களைப் பெருவெள்ளம் சூழ்ந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். அப்படிப்பட்ட நாளில் மின்சாரமும் இணைப்பும் சிறிதளவே இருக்கும் கைப்பேசியில், ஆயிரம் தமிழ்க் குறிகள் கொண்ட ஓர் அறிவிப்பு, எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடு எழுத்தாக இருந்தால் ஏறத்தாழ 3 கிலோபைட்டுக்குள் வந்துவிடும். அதே அறிவிப்பைத் தாளில் அச்சிட்டுக் கைப்பேசியில் எடுத்த படமோ 3 மெகாபைட்டையும் எளிதில் தாண்டும். ஆயிரம் மடங்கு வேறுபாடு. கண் நன்றாகத் தெரிகிறவருக்கும் அந்தப் படம் அன்று திறக்காது.

கையொப்பமும் முத்திரையும் தெரிந்தால்தான் அறிவிப்புக்கு மதிப்பு என்று அலுவலகத்தில் சொல்வார்கள். அது நியாயமான கவலை. ஆகவே செய்தி முழுவதையும் பக்கத்தில் எழுத்தாக இடுங்கள். அதன் கீழே, ‘கையொப்பமிட்ட அறிவிப்பின் நகல்’ என்ற இணைப்பில் படத்தையோ பிடிஎஃப் கோப்பையோ சேர்த்துவிடுங்கள். இரண்டு தேவையும் நிறைவேறும். தட்டச்சுக்கு நேரமில்லை என்றால் கைப்பேசியில் குரல்வழித் தட்டச்சு இருக்கிறது; படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் வசதி கூகுள் டிரைவிலும் உண்டு. ஆனால் அப்படிப் பிரித்தெடுத்ததை ஒருபோதும் அப்படியே ஏற்றாதீர்கள். ன, ள இடம் மாறுவதும், புள்ளி விழுந்துவிடுவதும், எல்லாவற்றுக்கும் மேலாகத் தேதியிலும் தொலைபேசி எண்ணிலும் ஓர் இலக்கம் பிறழ்வதும் அடிக்கடி நடக்கும்.

இரண்டாம் வகை, பழைய எழுத்துரு. பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகள் நம் அலுவலகங்களில் இன்னும் ஏராளம். அவற்றில் திரையில் தமிழாகத் தெரிவது, உள்ளே ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகவே சேமிக்கப்பட்டிருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் குப்பையாகத் தெரியும். திரைவாசிப்பான் அந்த ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாக ஒப்பிக்கும். தமிழ்நாடு அரசு 2010இலேயே யூனிகோடைத் தரமாக ஏற்று ஆணையிட்டுவிட்டது. பழைய கோப்புகளை எழுத்துரு மாற்றியால் யூனிகோடாக்கி, மெய்ப்புப் பார்த்துப் பயன்படுத்துங்கள். புதியவற்றைத் தமிழ்99 விசைப்பலகையிலோ, கைக்குப் பழகிய வேறு யூனிகோடு முறையிலோ தட்டச்சு செய்யுங்கள்.

மூன்றாம் வகை, பிடிஎஃப். இது சற்று வஞ்சகமானது. கோப்பில் எழுத்து பளிச்சென்று தெரியும். சுட்டியால் தேர்ந்தெடுக்கவும் முடியும். இருந்தும் உள்ளே ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் சங்கிலிக்கொம்பும் தம் மெய்யெழுத்துக்கு முன்னால் தனியே பிரிந்து கிடக்கக்கூடும். ஒகர வரிசையிலுள்ள ஒவ்வோர் எழுத்தும் உடைந்து போகும். சோதனை எளிது: ஒரு பத்தியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். ஒட்டிய தமிழ் சிதையாமல் இருந்தால் கோப்பு ஓரளவு நல்லது. சிதைந்திருந்தால் அதை நம்பி யாருக்கும் தகவல் தர முடியாது. என் முடிவு இதுதான்: இரண்டு பக்கத்துக்கு உட்பட்ட எதையும் பிடிஎஃப்பாக ஏற்றாமல் இணையப் பக்கமாகவே எழுதிவிட வேண்டும். நீண்ட ஆண்டறிக்கை போன்றவற்றுக்கு, தலைப்புகளை முறையாக அமைத்த வேர்டு கோப்பிலிருந்து, அணுகல் குறிகளோடு பிடிஎஃப் உருவாக்கி, கூடவே மூலக் கோப்பையும் இணையுங்கள்.

மூன்றாம் படி: மொழிக் குறியும் எழுத்தொழுங்கும்

ஒவ்வொரு பக்கத்தின் நிரலிலும் அது எந்த மொழியில் உள்ளது என்று தெரிவிக்கும் குறி ஒன்று இருக்கிறது. பல தளங்களில் அது ‘ஆங்கிலம்’ என்றே விடப்பட்டிருக்கும். அப்போது தமிழ்ப் பக்கத்தைத் திரைவாசிப்பான் ஆங்கிலக் குரலிடம் கொடுக்கும். சில குரல்கள் தமிழெழுத்தைக் கண்டதும் எதுவும் சொல்லாமல் தாண்டிச் சென்றுவிடும். தளத்தை அமைத்துத் தந்தவரிடம், தமிழ்ப் பக்கங்களுக்குத் தமிழ்க் குறியும், இடையில் வரும் ஆங்கிலப் பத்திகளுக்கு ஆங்கிலக் குறியும் இடச் சொல்லுங்கள். இது ஒருமுறை செய்தால் போதும்.

எழுத்தொழுங்கு மட்டும் அன்றாடம் கவனிக்க வேண்டியது. கண் மன்னித்துவிடும் பிழைகளைக் காது மன்னிக்காது. ‘ஔ’ என்ற ஓரெழுத்துக்குப் பதிலாக ‘ஒ’வும் ‘ள’வும் சேர்த்து ‘ஒளரங்கசீப்’ என்று தட்டச்சு செய்தால் பார்க்கச் சரியாகவே இருக்கும். குரலோ ஒகரத்தையும் ளகரத்தையும் தனித்தனியே உச்சரிக்கும், தேடலிலும் அந்த நூல் சிக்காது. துணைக்காலுக்குப் பதில் ‘ர’ இடுவதும் அத்தகையதே. ‘அ றி வி ப் பு’ என்று அழகுக்காக எழுத்துகளுக்கிடையே இடம் விடும் சுவரொட்டிப் பழக்கத்தை இணையத்தில் அறவே விட்டுவிட வேண்டும். ‘ரூ.100/-’ என்பதை ‘100 ரூபாய்’ என்றும், ‘12.05’ என்பதை ‘2025 மே 12, திங்கட்கிழமை’ என்றும், ‘மா.மை.நூ.’ என்பதை ‘மாவட்ட மைய நூலகம்’ என்றும் விரித்து எழுதுங்கள்.

நான்காம் படி: தலைப்பு, இணைப்பு, அட்டவணை, படம்

கண்ணால் படிப்பவர் பக்கத்தை ஒரு நோட்டம் விட்டுத் தனக்கு வேண்டிய இடத்துக்குப் போவதுபோல, திரைவாசிப்பானில் படிப்பவர் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவிச் செல்கிறார். என்விடிஏவில் ‘எச்’ விசையை அழுத்தினால் அடுத்த தலைப்பு வரும். ஆனால் எழுத்தைத் தடிப்பாக்கிப் பெரிதாக்கினால் மட்டும் அது தலைப்பாகிவிடாது. எழுதும் பெட்டியின் மேலே உள்ள பாணிப் பட்டியலில் ‘தலைப்பு 2’, ‘தலைப்பு 3’ என்று தேர்ந்தெடுத்தால்தான் தலைப்பாகும். பக்கத்துக்கு ஒரு முதல்நிலைத் தலைப்பு, அதன் கீழ் இரண்டாம் நிலை, அதன் கீழ் மூன்றாம் நிலை என்ற வரிசையை இடையில் தாண்டாதீர்கள்.

இணைப்புகளை மட்டும் தனியே பட்டியலிட்டுக் கேட்கும் வழக்கமும் உண்டு. ஒரு பக்கத்தில் பத்து இடங்களில் ‘இங்கே அழுத்தவும்’ என்று இருந்தால், கேட்பவருக்குப் பத்து முறையும் அதே சொற்கள்தான் கேட்கும். ‘ஜூலை மாதம் வந்த புதிய நூல்களின் பட்டியல்’ என்று, அழுத்தினால் என்ன வரும் என்பதையே இணைப்பின் சொற்களாக்குங்கள்.

கிளை நூலகங்களின் வேலை நேர அட்டவணையில் முதல் வரியையும் முதல் நெடுவரிசையையும் தலைப்புக் கட்டங்களாகக் குறியுங்கள். கட்டங்களை ஒன்றாக இணைக்காதீர்கள். உண்மையில், வள்ளியூர், சேரன்மகாதேவி, களக்காடு என்று ஊருக்கு ஒரு சிறு பத்தியாக எழுதிவிட்டால் கைப்பேசியில் படிப்பவருக்கும் அது வசதியாக இருக்கும்.

படங்களுக்கு மாற்று உரை, அதாவது படத்துக்குப் பதிலாகத் திரைவாசிப்பான் வாசிக்கும் சொற்கள், எழுதுவதில் பலருக்குத் தயக்கம் இருக்கிறது. எவ்வளவு எழுதுவது என்பதுதான் சிக்கல். இந்தப் படத்தை இங்கே ஏன் வைத்தேன் என்று உங்களையே கேட்டு, அதற்கான விடையை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். புதிய நூலின் அட்டைப்படம் என்றால் நூற்பெயரும் ஆசிரியர் பெயரும் போதும். வாசகர் வட்டக் கூட்டப் படம் என்றால் ‘வாசகர் வட்டக் கூட்டத்தில் கதை சொல்லும் சிறுமியும், தரையில் அமர்ந்து கேட்கும் குழந்தைகளும்’ என்று எழுதலாம். அலங்காரத்துக்காக வைத்த கொடிக்கோட்டுக்கு மாற்று உரையை வெறுமையாக விட வேண்டும். கோப்பின் பெயரையே மாற்று உரையாக விட்டுவிட்டால், பதினைந்து இலக்க எண்ணைக் கேட்பவர் பொறுமையாகக் கேட்டுத் தொலைக்க நேரிடும்.

ஐந்தாம் படி: எளிய தமிழ்

அணுகல்தன்மை என்றதும் கருவிகளையே நினைக்கிறோம்; மொழியை மறந்துவிடுகிறோம். பிறவியிலேயே காது கேளாத ஒருவருக்குச் சைகை மொழியே முதன்மொழியாக அமைவதுண்டு. எழுத்துத் தமிழ் அவர் பின்னர் கற்ற இரண்டாம் மொழி. அவருக்கு எழுத்து தெளிவாகத் தெரியும், ஆனால் நம் அலுவலக நடை புரியாது. நெடுநாள் படிப்பை விட்டவர்களுக்கும், பீடி சுற்றும் நேரத்துக்கு இடையில் கைப்பேசியைப் பார்க்கும் தாய்மார்களுக்கும் அதே நிலைதான்.

ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். ‘மேற்படி நூலகத்தில் பராமரிப்புப் பணிகள் மேற்கொள்ளப்பட உள்ளதன் காரணமாக எதிர்வரும் 12ஆம் நாளன்று நூலகச் சேவைகள் வழங்கப்படமாட்டாது என்பது இதன்மூலம் வாசகர்களுக்கு அறிவிக்கப்படுகிறது, இரவல் பெற்ற நூல்களைத் திருப்பி ஒப்படைத்தல் தொடர்பில் உரிய காலநீட்டிப்பு அளிக்கப்படும்.’ இதை இப்படி எழுதலாம்: ‘மே 12, திங்கட்கிழமை நூலகம் திறக்காது. கட்டடத்தில் பழுது பார்க்கும் வேலை நடக்கிறது. அன்று திருப்பித் தர வேண்டிய நூல்களை மே 13 அன்று தரலாம். தண்டத்தொகை இல்லை.’ முதல் வடிவத்தில் வாசகருக்கு வேண்டியது எங்கோ நடுவில் கிடக்கிறது. இரண்டாவதில் அது முதல் வாக்கியமாக நிற்கிறது. ‘உரிய காலநீட்டிப்பு’ எத்தனை நாள் என்பதை எழுத முனையும்போதுதான் அலுவலகத்திலேயே அது முடிவாகவில்லை என்பது தெரியவரும். எளிமையாக எழுதுவது எழுதுபவரையும் தெளிவாக்குகிறது.

ஒரு வாக்கியத்துக்கு ஒரு செய்தி என்பதே அறிவிப்புகளுக்கு ஏற்ற அளவு. காப்புத்தொகை, புரவலர், குறிப்புதவி நூல் போன்ற நூலகச் சொற்களை முதன்முறை பயன்படுத்தும் இடத்தில் ஒரு வரியில் விளக்கிவிடுங்கள்.

ஆறாம் படி: நிறம், அளவு, அசைவு

எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளிவேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டும். பெரிய எழுத்துக்கு 3க்கு 1 போதும். இதை அளந்து சொல்லும் கருவிகள் இணையத்தில் இலவசமாக உள்ளன. நம் சுவரொட்டிகளில் மிகவும் பழகிய இணை, மஞ்சளில் சிவப்பு. முழு மஞ்சள்மேல் முழுச் சிவப்பை அளந்தால் 3.7தான் வரும். வெள்ளையில் முழுச் சிவப்புகூட 4ஐ ஒட்டியே நிற்கிறது. வெள்ளையில் அடர் சிவப்போ கருநீலமோ இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. ‘சிவப்பில் உள்ள கிளைகள் இன்று இயங்கா’ என்று நிறத்தை மட்டும் நம்பித் தகவல் தராதீர்கள். ‘இன்று விடுமுறை’ என்ற சொல்லையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.

தமிழ் எழுத்துகளில் சுழிகளும் கொம்புகளும் நெருக்கமாக இருப்பதால், ஆங்கிலத்துக்குப் போதுமான அளவு தமிழுக்குப் போதாது; உடல் எழுத்தைச் சற்றே பெரிதாகவும் வரி இடைவெளியை ஒன்றரை மடங்குக்குக் குறையாமலும் வையுங்கள். இரு பக்கமும் சமமாக வரும்படி வரிகளை இழுத்துக் கட்டினால், நீண்ட தமிழ்ச் சொற்களுக்கிடையே பெரும் பள்ளங்கள் விழும். இடப்பக்கம் மட்டும் சீராக விடுவதே நல்லது.

முகப்பில் வலமிருந்து இடமாக ஓடும் அறிவிப்பு வரியை எடுத்துவிடுங்கள். ஐந்து நொடிக்கு மேல் தானே அசையும் எதையும் நிறுத்துவதற்கு வழி இருக்க வேண்டும் என்பது நெறி. ஆனால் மெதுவாகப் படிப்பவருக்கு ஓடும் வரியைவிட அசையாமல் நிற்கும் மூன்று வரிகளே உதவும்.

ஏழாம் படி: நூற்பட்டியலும் படிவங்களும்

நூலகத் தளத்துக்கு வருபவர் பலர், ஒரு நூல் இருக்கிறதா என்று பார்க்கவே வருகிறார்கள். அந்தத் தேடல் பெட்டிக்குப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பெட்டிக்குள் மங்கலாகத் தெரிந்து, தட்டச்சு தொடங்கியதும் மறைந்துவிடும் சொல் பெயராகாது. பெட்டிக்கு வெளியே ‘நூற்பெயர் அல்லது ஆசிரியர்’ என்று நிலையாக இருக்க வேண்டும். நூல் விவரங்களை உள்ளிடும்போது ‘ஜ’, ‘ச’ வேறுபாடு, ஒற்று மிகும் இடங்கள், முன்னெழுத்துகளுக்கிடையே புள்ளியும் இடைவெளியும் விடும் முறை ஆகியவற்றுக்கு ஓர் ஒழுங்கை வகுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கண் தெரிந்தவருக்கே நூல் கிடைக்காது. ஒன்றும் கிடைக்காதபோது வெறும் பக்கத்தைக் காட்டாமல் ‘இந்தச் சொல்லுக்கு நூல் கிடைக்கவில்லை, வேறு எழுத்துமுறையில் தேடிப் பாருங்கள்’ என்று எழுத்தில் சொல்ல வேண்டும்.

உறுப்பினர் படிவத்தில் பிழை நேர்ந்தால் கட்டத்தைச் சிவப்பாக்குவது மட்டும் போதாது; ‘கைப்பேசி எண்ணில் 10 இலக்கங்கள் வேண்டும்’ என்று பிழையைச் சொல்லுங்கள். நெளிந்த எழுத்தைப் படித்துத் தட்டச்சு செய்யச் சொல்லும் சோதனைப் படத்தை நீக்கிவிட்டு, கைப்பேசிக்குக் கடவு எண் (ஓடிபி) அனுப்பும் முறைக்கு மாறுங்கள். அந்த எண்ணை உள்ளிடத் தாராளமாக நேரம் கொடுங்கள். தொடும் பொத்தான்கள் 24 புள்ளிக்குக் குறையக் கூடாது என்று முன்பு சொன்ன இணைய உள்ளடக்க நெறிகளின் 2023இல் வந்த 2.2 பதிப்பு சொல்கிறது. விரலுக்கு அதைவிடப் பெரியதே நல்லது.

அச்சு நூலைப் படிக்க இயலாதவர்களுக்கென்று தளத்தில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். 2016இல் தொடங்கப்பட்ட சுகம்யா புஸ்தகாலயா என்ற இணைய நூலகம், அணுகத்தக்க வடிவில் நூல்களைத் தருகிறது. அச்சு படிக்க இயலாதோருக்காக நூல்களை வேறு வடிவில் மாற்றுவதற்கு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் இடம் தரப்பட்டது. இதே நோக்கிலான மராகேஷ் உடன்படிக்கையை 2014இல் உலகிலேயே முதலில் ஏற்புறுதி செய்த நாடும் இந்தியாதான். இவ்வளவு வாய்ப்பு இருப்பதே தெரியாமல் பாடநூலை ஒலிப்பதிவு செய்துதர ஆள் தேடி அலையும் மாணவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

எட்டாம் படி: ஒலியும் காணொளியும்

எழுத்தாளர் சந்திப்பு, போட்டித் தேர்வு வகுப்பு போன்ற காணொளிகளுக்குத் தமிழ் வசன வரி சேருங்கள். தானியங்கி வரிகளை அப்படியே விடாமல், ஊர்ப் பெயர்களையும் ஆட்பெயர்களையும் எண்களையும் திருத்துங்கள். ஒலிப்பதிவு மட்டும் இருந்தால் பேச்சின் எழுத்து வடிவத்தை அதன் கீழேயே இடுங்கள். உறுப்பினராவது எப்படி, நூலை இரவல் பெறுவது எப்படி என்ற இரண்டு செய்திகளையாவது இந்தியச் சைகை மொழியில் பதிவு செய்து வையுங்கள்; சைகை மொழி அறிந்த ஆசிரியர்கள் பாளையங்கோட்டையிலேயே இருக்கிறார்கள் என்பது இம்மாவட்டத்துக்கு வாய்த்த நல்வசதி. காணொளி எதுவும் பக்கம் திறந்தவுடன் தானாக ஒலிக்கக் கூடாது. அந்த ஒலி திரைவாசிப்பானின் குரலை மூழ்கடித்துவிடும்.

ஒன்பதாம் படி: கட்டடத்தைப் பற்றியும், காலாவதியானதைப் பற்றியும்

சக்கர நாற்காலியில் வருபவர் வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே அறிய வேண்டியவை சில உண்டு: வாசலில் சாய்தளம் இருக்கிறதா, நூல் வழங்குமிடம் எந்தத் தளத்தில், கழிப்பறையின் கதவு எவ்வளவு அகலம், எந்தப் பேருந்து நிறுத்தத்தில் இறங்க வேண்டும். வசதி இல்லையென்றால் இல்லை என்றே எழுதுங்கள். நம்பி வந்து படிக்கட்டின் அடியில் நிற்பதைவிட அது எவ்வளவோ மேல்.

2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டமானது. அதற்கு முந்தைய முகவரியும் தொடர்பும் மாறாமல் கிடக்கும் பக்கங்கள் உங்கள் தளத்தில் உள்ளனவா என்று தேடிப் பாருங்கள். தவறான தகவலை அணுகத்தக்க வடிவில் தருவதால் யாருக்கும் பயன் இல்லை. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அதைக் கடைசியாகச் சரிபார்த்த தேதியை எழுதுங்கள்.

பத்தாம் படி: பழக்கமாக்குவது

இதற்கெல்லாம் ஒருவர் பெயர் சொல்லிப் பொறுப்பேற்க வேண்டும். அவர் விடுப்பில் போனால் யார் என்பதும் எழுதப்பட்டிருக்க வேண்டும். புதிய பதிவை ஏற்றும் முன் ஐந்து நிமிடம் செலவிட்டு, எழுத்தெல்லாம் எழுத்தாக இருக்கிறதா, தலைப்புகள் பாணிப் பட்டியலிலிருந்து வந்தவையா, படத்துக்கு மாற்று உரை உண்டா, இணைப்பின் சொற்கள் பொருள் தருகின்றனவா, தேதி முழுமையாக உள்ளதா என்று பார்த்துவிடுங்கள். மாதம் ஒருமுறை ‘வேவ்’ அல்லது ‘லைட்ஹவுஸ்’ கருவியால் முக்கியப் பக்கங்களைச் சோதியுங்கள். மாற்று உரை இருக்கிறதா என்று அந்தக் கருவிகள் சொல்லும். அது உண்மையா என்று அவற்றுக்குத் தெரியாது. பக்க ஓரத்தில் எழுத்தைப் பெரிதாக்கும், நிறத்தை மாற்றும் பொத்தான்களை ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று விற்பவர்கள் சொல்வதை நம்பாதீர்கள். படமாக ஏற்றிய அறிவிப்பை எந்தப் பொத்தானாலும் வாசிக்க வைக்க முடியாது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, தளத்தை உண்மையிலேயே திரைவாசிப்பானில் பயன்படுத்தும் ஒருவரையும், காது கேளாத ஒருவரையும், முதியவர் ஒருவரையும் நூலகத்துக்கு அழைத்து அருகில் அமருங்கள். ஒரு நூலைத் தேடச் சொல்லுங்கள்; விடுமுறை நாளைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அவர்கள் தடுமாறும்போது குறுக்கிட்டு வழி சொல்லாமல் பார்த்துக்கொண்டே இருப்பதுதான் நமக்குக் கடினமான வேலை. அவர்களுடைய நேரத்துக்கும் பயணச் செலவுக்கும் உரிய தொகையை நூலகமோ வாசகர் வட்டமோ தர வேண்டும்.

கடைசியாக, முகப்பிலேயே ‘இந்தத் தளத்தைப் பயன்படுத்தத் தடை இருந்தால் சொல்லுங்கள்’ என்ற பக்கத்துக்கு இணைப்பு வையுங்கள். அதில் தொலைபேசி எண், குறுஞ்செய்தி எண், மின்னஞ்சல், அஞ்சல் முகவரி நான்கும் இருக்க வேண்டும். பேச இயலாதவருக்குக் குறுஞ்செய்தியும், இணையம் இல்லாதவருக்கு அஞ்சலும் தேவைப்படும். தொலைபேசி எண்ணைப் படமாக இடாமல், தொட்டால் உடனே அழைப்புப் போகும்படி எழுத்தாக இடுங்கள். எத்தனை வேலை நாளுக்குள் பதில் வரும் என்று எழுதி, அதற்குள் பதில் சொல்லுங்கள். வந்த புகாரையும் செய்த திருத்தத்தையும் முதல் படியில் தொடங்கிய அதே நோட்டில் தேதியோடு பதிந்து, புகார் சொன்னவரையே அழைத்து, இப்போது சரியாகக் கேட்கிறதா என்று கேட்டுவிட்டு அந்த வரியை அடியுங்கள்.